பாடல் பெற்ற கண்டி

தேவாரத்தாற் பாடப்பெற்ற ஊர்களைப் 'பாடல் பெற்ற தலங்கள்' என வேறு பிரித்து வழங்குவது தமிழர் மரபு. பழமையாலோ கோபுரத்தின் உயரத்தாலோ அன்றி, ஒரு பாட்டினாலேயே ஊருக்குத் தகுதி வந்து சேர்கின்றது என்ற எண்ணம் இவ்வழக்கில் உறைந்து கிடக்கின்றது. பதிகத்தை நாவிற் கொண்டு அது பிறந்த மண்ணை நாடிச் செல்லும் தலயாத்திரை, இலக்கியக் களங்களை நோக்கிய பயணத்தின் மிகப் பழைய வடிவம் எனலாம். ஈழத்தில் இத்தகுதி பெற்றவை திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் ஆகிய இரண்டே. அவற்றைப் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் கடல் கடந்து இங்கு வந்தவரல்லர். இராமேச்சுரத்தில் நின்றவாறே பாடினர் என்பது சமய மரபு கூறும் செய்தி. காணாத ஊரைப் பாடுதல் இயலுமா, இயன்றால் அப்பாட்டு ஊருக்கு உண்மையானதா என்னும் வினாக்கள் இம்மரபினுள்ளேயே அடங்கியுள்ளன. மலையகத் தமிழிலக்கியத்தின் களங்களை நோக்கப் புகுவோர்க்கு இவ்வினாக்கள் மீண்டும் எதிர்ப்படுகின்றன.

ஐரோப்பாவில் இத்தகைய பயணம் சமயச் சார்பு நீங்கி வளர்ந்துள்ளது. நாவலாசிரியர் பிறந்த வீடு, கதைமாந்தர் நடந்த தெரு, காவியத்தில் வரும் மாளிகைக்கு மூலமெனக் கருதப்படும் மாளிகை என்பனவெல்லாம் வாசகர் தேடிச் சென்று காணும் இடங்களாகிவிட்டன. இவற்றுள் போலந்து இலக்கியத்தின் நிலை தனித்துவமானது. அந்நாட்டவர் தம் தேசிய காவியமாகப் போற்றும் 'பான் ததேயுஷ்' 1834இற் பாரிசு நகரில் வெளியாயிற்று. அதனை இயற்றிய ஆதாம் மிட்ஸ்கியேவிச் நாட்டைப் பிரிந்து வாழ்ந்தவர். காவியத்தின் முதலடி விளிப்பது போலந்தை அன்று, லித்துவேனியாவை. அவர் பிறந்து வளர்ந்த நிலப்பகுதியோ இன்று பெலாரூசின் எல்லைக்குள் இருக்கின்றது. புரூனோ ஷூல்சின் கதைகளுக்குக் களமான திரொகோபிச் நகரும் இன்று உக்ரேனுக்கு உரியது. (அவருடைய முதற் கதைத்தொகுதியின் பெயர் 'கறுவாக் கடைகள்' என்பது. ஈழத்து வாசகர் இங்கு தம் நாட்டுச் சரக்கினைத் தேட வேண்டியதில்லை; அக்கடைகளின் மரச்சுவர் கறுவா நிறம் உடையதாய் இருந்தமையே பெயர்க்காரணம்.) இரண்டாம் உலகப் போரின் முடிவில் எல்லைகள் மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டபோது அப்பகுதிகளில் வாழ்ந்த போலந்து மக்களுட் பெரும்பாலோரும் மேற்கே பெயர்க்கப்பட்டனர். ஆகவே, தன் இலக்கியத்தின் களத்தைக் காண விழையும் போலந்து வாசகன் கடவுச்சீட்டோடு அயல்நாடு செல்ல வேண்டியவனாகின்றான். இலக்கியம் ஓரிடத்திலும் அதன் மக்கள் வேறிடத்திலுமாகப் பிரிந்துபோன இந்நிலை மலையகத்தை அறிந்தோர்க்குப் புதிதன்று.

கண்டி நகரைப் பொறுத்தவரை, ஆங்கில இலக்கியத்தின் அன்பர் இடர்ப்படுதற்கு ஏதுமில்லை. 1660இற் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்துள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் தாம் தங்கியிருந்த ஊர்களைப் பெயர் கூறியே எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்றாகிய எலதெத்த, பேராதனையிலிருந்து சிறு பயணத்தில் எட்டக்கூடியது. தானியேல் டெபோவின் 'றொபின்சன் குறூசோ'வுக்கு உரமூட்டியவற்றுள் நொக்சின் நூலும் ஒன்றென்பர். அதனால் உடுநுவரையின் வயற்புறத்து ஊரொன்று ஆங்கில நாவலின் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. 1922இல் கண்டியிற் சில வாரம் தங்கிய டி. எச். லோறன்ஸ் வேல்ஸ் இளவரசருக்காக எடுக்கப்பட்ட பெரகராவைக் கண்டு 'யானை' என்னும் நெடுங்கவிதையை எழுதினார். அவர் தங்கிய ஆட்னறீ பங்களாவின் பெயரையும் அவருடைய வரலாற்றாசிரியர் குறித்து வைத்துள்ளனர். கண்டியின் வெப்பமும் ஓசையும் அவருக்குச் சற்றும் ஒவ்வவில்லை, ஏப்பிரலிலேயே கப்பலேறிவிட்டார். ஆறு வாரம் வெறுப்போடு தங்கியவருக்கும் கண்டியில் ஒரு முகவரி உண்டு என்பதே இங்கு குறிக்க வேண்டியது.

தமிழிலக்கியத்துக்கோ அத்தகைய முகவரி இல்லை. கண்டியைத் தலைப்பிலேயே தாங்கிய தமிழ் நூல்கள் இல்லாமற் போகவில்லை. தெல்தோட்டைப் பகுதியிற் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் (1866 - 1918) 'கண்டிக் கலம்பகம்', 'கண்டி நகர்ப் பதிகம்' ஆகியவற்றை இயற்றினார். ஆயின் கலம்பகமும் பதிகமும் புகழ் பாடும் வடிவங்கள். மதுரைக்கும் திருவரங்கத்துக்கும் தைத்த சட்டையையே அவை கண்டிக்கும் அணிவிக்கும். புலவரின் புலமையை இது குறைத்து மதிப்பதாகாது. வடிவத்தின் எல்லை அத்தகையது. வடபுலத்துக் கூத்து மரபிற் போற்றப்படும் 'கண்டியரசன்' நாடகமும் கண்டி அரண்மனையை மேடைக்குக் கொணர்ந்தது. எனினும் அக்கூத்தைக் கண்டு கண்ணீர் விட்டோருட் பலர் கண்டியைக் கண்டவரல்லர். கண்டியை உள்ளபடி பாடியது யார் என்ற வினாவுக்கு விடை காண ஏட்டிலக்கியத்தை விட்டு வாய்மொழிப் பாடலுக்கே செல்ல வேண்டியுள்ளது.

மலையக நாட்டார் பாடல்களிலே மிகுதியாக ஒலிக்கும் இடப்பெயர் 'கண்டி' என்பதாகும். 'கண்டிச் சீமை' என்ற தொடர் அப்பாடல்களின் முத்திரை போன்றது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் வெளிவந்த தொகுதியிலும், பின்னர் சாரல்நாடன் முதலியோர் செய்த ஆய்வுகளிலும் இதனைக் காணலாம். பலரும் அறிந்த ஒரு பாடலில், தான் இழந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்லும் பெண்குரல் ஊரிலே தொடங்கித் தாயிலே வந்து நிற்கின்றது. தாயையும் மறக்கச் செய்த இடமாக அங்கே கண்டி வருகின்றது. அப்பெண் பாடுவது தலதா மாளிகையும் வாவியும் உள்ள நகரை அன்று என்பது வெளிப்படை. அட்டனிலோ பதுளையிலோ மடுல்கலையிலோ கொழுந்து கொய்தவளும் தான் இருப்பது கண்டி என்றே பாடினாள். தமிழ்நாட்டில் அவளை அனுப்பி வைத்தோரும் 'கண்டிக்குப் போனவள்' என்றே கூறினர்.

இவ்வழக்கினை விளக்குவோர், நிலப்படம் அறியாத பாமர மக்களின் மயக்கம் என்று அடிக்குறிப்பு எழுதிக் கடந்துவிடுவதுண்டு. இவ்விளக்கம் மறுபரிசீலனைக்குரியது. சிங்களவர் தம் நகரைக் 'கண்டி' என்று அழைப்பதில்லை. 'மகாநுவர' என்றும் சுருக்கமாக 'நுவர' என்றுமே அழைப்பர். 'கண்டி' என்பது 'கந்த உட றட்ட', அதாவது மலைமேல் நாடு என்னும் பெயரினின்று ஐரோப்பியர் வாயிற் சிதைந்து வந்த சொல். 'கந்த' என்ற சிங்களச் சொல்லுக்குப் பொருள் மலை என்பதே. நாடு முழுவதற்கும் உரிய பெயரைத் தலைநகருக்குச் சுருக்கியவர் அந்நியர். மலைநாடு முழுவதையும் கண்டி என்றழைத்த கூலிப் பெண்ணோ, அறிந்தோ அறியாமலோ, அச்சொல்லை அதன் மூலப்பொருளுக்கு மிக அண்மையிற் கொண்டுபோய் வைத்தாள். மயக்கம் யாருடையது என்பது இப்போது ஐயத்துக்கு உரியதாகின்றது.

'சீமை' என்ற சொல்லும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிவகங்கைச் சீமை என்னும்போது அது ஆட்சிப் பகுதியைக் குறிக்கும். சீமைக்குப் போனான் என்னும்போது கடலுக்கு அப்பாலுள்ள அயல்நாட்டைக் குறிக்கும். மலையகப் பாடலில் இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்கின்றன. பாடுபவள் வாழும் ஊர் அது, அயலூரும் அதுவே. மூன்று தலைமுறை கடந்த பின்னரும் இச்சொல் பாடலிலிருந்து நழுவவில்லை. அவ்வாறு நழுவாமைக்குப் பாடகரின் பழமைப் பற்றை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அச்சொல்லின் இரண்டாம் பொருளை உயிரோடு வைத்திருந்தது.

பாடலின் களத்தை நேரிற் காணப் புறப்படுபவர்க்கு மற்றொரு தடையும் உண்டு. இப்பாடல்களிற் பழமையானவை கோப்பிக் காலத்தவை. கோப்பி மரமும், அதன் பழமும், இடறி விழச் செய்யும் அதன் வேரும் அவற்றிலே பேசப்படுகின்றன. மலையகத் தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையை எடுத்துரைக்கும் அந்நூல் அச்சேறிய அதே ஆண்டிலேயே கோப்பி இலையைத் தாக்கும் பங்கசு நோயும் இலங்கையிற் கண்டறியப்பட்டமை வரலாற்றின் குறும்பு எனலாம். அடுத்த இருபதாண்டுகளுள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தொழிந்து தேயிலைக்கு இடம்விட்டன. மரம் போன பின்னும் பாட்டுப் போகவில்லை. தேயிலைச் செடிகளிடையே நின்று கோப்பிப் பாட்டைப் பாடினர். ஆகவே இப்பாடல்களின் களம் ஏற்கெனவே ஒரு முறை மண்ணிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலிக்கு அப்பாலுள்ள கன்னொறுவையில் ஆள்பதி எட்வேட் பான்ஸ் 1820களிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். இன்று அவ்விடம் விவசாய ஆராய்ச்சிக்கு உரியது. ஆற்றின் இக்கரையில் நின்று நோக்குவோர்க்கு அங்கு ஒரு பாடலின் களம் இருப்பது புலப்படாது.

கண்டிச் சீமை என்பது ஓர் இடம் என்பதை விட ஒரு வழி என்பதே பொருத்தமாகும். தமிழ்நாட்டின் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கியோர், தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1914இற் பயன்பாட்டுக்கு வருவதற்கு முந்திய காலத்தில், காட்டு வழியே தெற்கு நோக்கி நடந்தனர். தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்த பின்னரே மலை தொடங்கும். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் உள்ள மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இந்நடையோடு இணைத்து நினைக்கப்படுவது. காடு கடந்து உயிரோடு வந்தவர் முதலில் நன்றி செலுத்த வேண்டிய தெய்வம் மாரியாகவே இருத்தல் இயல்பு. இவ்வழியின் வடமுனையை அடுத்தே, பார்க்காமலே பாடப்பட்டதாகக் கூறப்படும் திருக்கேதீச்சரம் உள்ளது. பதிகம் பெற்ற தலத்தின் அயலிலே இறங்கியோர் பதிகம் பெறாத மலைக்கு நடந்தனர். அவ்வாறு நடந்தவர்களே அதற்குப் பாடல் தந்தனர்.

2023ஆம் ஆண்டு சூலை 28ஆந் திகதி தொடங்கி ஆகத்து 12ஆந் திகதி வரை, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூரும் நடைபவனி ஒன்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்தது. அதனை இலக்கியப் பயணம் என எவரும் பெயரிடவில்லை. காணி, வீடு, சமவுரிமை ஆகிய கோரிக்கைகளே அதில் முன்னின்றன. ஆயினும் ஒரு பாடல் மரபின் களத்தை அதன் உரிமையாளரே காலால் அளந்து மீட்ட பயணமாக அதனைக் கொள்வதில் தவறில்லை. உல்லாசப் பயணிகளுக்குரிய வண்டியிலே சன்னலோரம் அமர்ந்து தேயிலை மலையைப் படம் பிடிப்போரின் பயணத்துக்கும் இதற்கும் இடையேயுள்ள தொலைவு மிகப் பெரிது.

வாய்மொழிப் பாடலை விட்டு உரைநடைக்கு வரும்போது, காணாத களத்தைப் பாடும் சிக்கல் கூர்மை பெறுகின்றது. தமிழிலே தேயிலைத் தோட்ட வாழ்வைக் கதைக்குள் வலுவோடு கொணர்ந்த முதற் படைப்புகளுட் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) முக்கியமானது. அதன் ஆசிரியர் இலங்கைக்கு வந்தவரல்லர். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கசிந்த பாரதியும் அத்தீவைக் கண்டதில்லை. 'துன்பக்கேணி'யில் வரும் தோட்டத்தை இலங்கை நிலப்படத்திலே தேடுவதாற் பயன் விளையாது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஈழத்து விமரிசனத்திலே 'மண்வாசனை' என்ற அளவுகோல் ஓங்கி நின்றது. அதனைக் கொண்டு அளந்தால் இக்கதை தோற்றுவிடும். தோட்டத்தின் காலநிலையும் வேலை முறையும் அதிலே மேலோட்டமாகவே அமைந்துள்ளன. எனினும் மருதி என்னும் பெண்ணைத் திருநெல்வேலிச் சீமையினின்று பெயர்த்தெறியும் சாதியும் வறுமையும், அவளைத் தோட்டத்திற் சிதைக்கும் அதிகாரமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை இக்கதை காட்டுவது போல, தோட்டத்தை நேரிற் கண்டு எழுதிய பலருடைய கதைகள் காட்டியதில்லை. மண்வாசனை என்பது செடியின் பெயரையும் பேச்சு வழக்கையும் பிழையின்றிப் பதிவதோடு முடிவதாயின், அது தாவரவியலாளர்க்கும் மொழியியலாளர்க்கும் போதுமானது, விமரிசகனுக்குப் போதாது.

இதனைக் கொண்டு, கண்டறிதல் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுதலும் கூடாது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தன் தலைப்பிலேயே இச்சிக்கலைச் சுமந்து நிற்கும் நாவல். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. இந்தியக் கிராமத்திலிருந்து நோக்குவோர்க்குத் தேயிலைத் தோட்டம் தந்த நம்பிக்கையும், கிட்ட வந்தபின் அது கலைந்த விதமும் இந்நாவலின் பொருள். ஆசிரியர் தொழிலாளர் வகுப்பினுட் பிறந்தவரல்லர். பரிவோடு அணுகி நின்று கண்டவர். அப்பரிவே நாவலுக்கு வலிமையும் வரம்புமாகின்றது. பாத்திரங்கள் துன்புறும்போது நாவல் அவர்களோடு நிற்கின்றது. அவர்கள் சிரிக்கும்போதும் சூழ்ச்சி செய்யும்போதும் அதற்குச் சற்றுத் தடுமாற்றம் ஏற்படுகின்றது. பச்சையை அண்மையிற் கண்டவரும் பாதையோரத்தில் நின்றே காண்பது உண்டு.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. தான் பறித்த கொழுந்தின் நிறை குறித்து எழுந்த ஐயத்தை ஒரு பெண் தன் கைத்திறத்தாலேயே எதிர்கொள்வது கதையின் உயிர்நிலை. இக்கதையைப் படித்து முடித்தவர் ஒரு மலைக்காட்சியையும் நினைவிற் கொண்டிரார். மனத்திலே நிற்பன விரல்களும் கூடையும் தராசுமே. கதையின் களம் தோட்டமுமன்று, மலையுமன்று. கொழுந்தெடுப்பவள் நிற்கும் நிரையே அதன் களம். அதன் அகலம் இரு கைகள் எட்டும் அளவு. அக்களத்தைக் காண விரும்பும் வாசகர் எங்குச் சென்று நிற்பது? கொழுந்து நிறுக்கும் வேளையில் மடுவத்து வாயிலிலே நின்றால் ஒருவேளை காணலாம். ஆனால் அங்கு நிற்பவர் பார்வையாளராக நிற்க முடியாது. நிறுப்பவன் பக்கமோ நிறுக்கக் கொடுப்பவள் பக்கமோ நின்றே ஆக வேண்டும். இயற்கை வருணனை மிகுந்த மலையகக் கதைகள் பல விரைவில் மறக்கப்பட்டமைக்கும், இச்சிறு கதை நிலைத்தமைக்கும் காரணம் இங்கேதான் உள்ளது. பனிமூட்டமும் அருவியும் வேலையற்றவர் கண்ணுக்கே முதலிற் படுவன. மூடுபனி என்பது கொழுந்தெடுப்பவளுக்கு நனைந்த படங்குச் சாக்கும் அட்டைக்கடியும் ஆகும்.

சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியினின்று நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டிலேயே தம் வாக்காளருட் பெரும்பாலோர் பிரசாவுரிமை அற்றவராவதைக் கண்டவர். ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' எனச் சக்தீ அ. பாலையாவாற் பெயர்க்கப்பட்ட அவருடைய கவிதை நூல், தேயிலைச் செடியின் அடியிலே புதைந்து போனவர்க்குக் கல்லறை எழுப்பப்படாமையை நெஞ்சிற் கொண்டு எழுந்தது. அவருடைய நாவல் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. ஓர் எழுத்தாளர் வாழ்ந்த வீட்டைத் தேடிச் செல்லும் பயணிக்கு இதைவிடத் தெளிவாக வழி கூறும் தலைப்பு இருத்தல் அரிது.

கல்லறை பற்றிய அவருடைய மனக்குறையின் பொருளைக் கண்டியைச் சூழ்ந்த இரு இடங்கள் விளக்கும். கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். அவர் அமர்ந்து மலையை நோக்கியதாகக் கூறப்படும் கல்லிருக்கை அங்குப் பேணப்படுகின்றது. 1892இல் மறைந்த அவருடைய கல்லறை கண்டி மகய்யாவை மயானத்தில் உள்ளது; தேயிலைத் தொழிலின் முன்னோடி என்ற வாசகம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. பயணிகள் இரண்டையும் கண்டு செல்கின்றனர். அதே மலைத்தொடரின் கேவாகெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்திலே, 1940 சனவரி 10ஆந் திகதி வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் அவரை முதல் தியாகியாகக் குறிப்பர். ரெயிலரின் கல்லிருக்கையை நாடிச் செல்லும் வழியிலே முல்லோயாவை வினவுவோர் சிலரே. ரெயிலர் தேயிலையைப் பயிரிட்டார் என்னும் வாக்கியத்தில் எழுவாய் ஒருமையில் நிற்பது இலக்கணப்படி சரியே. வரலாற்றின்படி அது எத்துணை பேரை விழுங்கிய ஒருமை என்பதை மலையக இலக்கியமே எடுத்துரைக்கின்றது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழுதல் இயல்பு. முல்லோயாவிலும் மடக்கும்புரத்திலும் பெயர்ப்பலகை நாட்டி, லயங்களுள் ஒன்றை நினைவகமாக்கி, வாசகரை அழைத்துச் செல்லலாமே என்பர். போலந்து வாசகன் காணச் செல்லும் மாளிகைகளிற் பல எரிந்தும் இடிந்தும் போனவை. அவற்றில் வாழ்ந்த வகுப்பும் மறைந்துவிட்டது. ஆகையால் அங்குச் செல்பவன் யாருடைய வாசலையும் மறித்து நிற்பதில்லை. லயமோ இன்றும் மக்கள் வாழும் இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான அறையும், பொது நீர்க்குழாயும், ஒழுகும் தகரமும் கதைகளிற் படித்து இரங்குதற்குரிய பழங்காட்சிகளாகப் பல தோட்டங்களில் இன்னும் மாறிவிடவில்லை. ஒரு கதையிலே படித்த வறுமையை நேரிற் சரிபார்க்கச் செல்பவர், அதனை ஒரு பொருட்காட்சியாக்கிவிடும் இடர் உண்டு. எனினும் போகாதிருத்தலும் தீர்வாகாது. போகாமலே எழுதப்பட்ட பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் மலையகம் 'பின்னணி' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிக் கிடப்பதைக் காணலாம். தோட்டம் ஒவ்வொன்றுக்கும் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயரோடு, தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயரும் இருந்தது. பெர்குசனின் இலங்கைக் கைந்நூல்களிலே தோட்டத் துரைமாரின் வசதிக்காக அத்தமிழ்ப் பெயர்கள் அச்சிடப்பட்டன. வாய்மொழிப் பாடல்களின் நிலப்படம் இந்த இரண்டாம் பெயர்களால் ஆனது. அவற்றை அறிந்த முதியோர் மறைந்து வருகின்றனர். பலகை நாட்டுவதற்கு முன்னர் எந்தப் பெயரை அதில் எழுதுவது என்பதையேனும் கேட்டறிதற்கு யாராவது போக வேண்டியுள்ளது.

கேட்கப் போகுமிடம் மலையகம் மட்டுமன்று. 1964 ஒக்தோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முற்பட்டது. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். சென்றவர்களோடு பாடல்களும் சென்றன. நீலகிரிச் சரிவுகளிலே மீண்டும் தேயிலை கொய்தவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இந்தியாவில் ஊரை இழந்து பாடிய பாட்டின் பேத்தி, இலங்கையில் ஊரை இழந்து இந்தியாவிற் பாடலானாள். பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டாற் பழைய ஒப்பாரியே புதிய நிலைக்கும் பொருந்திற்று. அண்மைக் காலத்தில் அவர்களுடைய பிள்ளைகள் சிலர் தாய்தந்தையர் பிறந்த லயத்தைக் காண இங்கு வந்து செல்கின்றனர். போலந்து வாசகனைப் போல, தம் பாட்டின் களத்துக்குக் கடவுச்சீட்டோடு வருபவர்கள் இவர்களே.

பிரிவைச் சுமந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பது, மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. மலையக இலக்கியத்துக்கு நிலையான ஒரு களத்தைச் சுட்ட வேண்டுமாயின், லயத்தை விடப் புகையிரத நிலையமே அதற்கு உரியது எனத் தோன்றுகின்றது. கடவுச்சீட்டு அலுவல்களுக்காக அவர்கள் கண்டி நகரிலுள்ள இந்திய உதவி உயர் தானிகரகத்துக்கு வந்து வரிசையில் நின்றனர். வாழ்நாள் முழுதும் 'கண்டி'யில் இருப்பதாகப் பாடியவருட் சிலருக்கு அந்நகரைக் காணும் வாய்ப்பைத் தந்தது நாட்டைவிட்டு நீங்குதற்கான பத்திரமே. பின்னர் அட்டனிலும் தலவாக்கொல்லையிலும் ஏறியவர்களைச் சுமந்த வண்டி பேராதனைச் சந்திக்கு இறங்கி வந்தது. கண்டிக்குச் செல்லும் பாதை அங்கே பிரிகின்றது. தலைமன்னார் செல்ல வேண்டிய வண்டி அப்பாதையிலே திரும்பாமல் கடுகண்ணாவைக் கணவாயை நோக்கிச் செல்லும். பொல்ககவலையில் வடக்கே திரும்பி, முன்னோர் நடந்து வந்த காட்டினூடே ஒரே இரவில் ஓடித் துறையை அடையும். அத்துறையிலிருந்து இராமேச்சுரத்துக்கு ஓடிய கப்பற் சேவை 1984இல் நின்றுபோயிற்று.